பூ கட்டும் நூலும் பூனைக்குட்டியும்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. இந்தத் தைப்பூசக் காவடிக்கும் உங்கள் வீட்டில்தான் மாலை கட்டுகிறார்கள் என்பதில் சந்தோஷம். ஆனால் பூனைக்குட்டி நூல்கண்டோடு விளையாடுகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் முதலில் பதில்.

பூனை தையல் ஊசியை விழுங்கிவிடுமோ என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். நூல் அதைவிட மோசம். பூனை நாக்கில் உள்ள முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் அதில் மாட்டினால் துப்ப முடியாது, நக்க நக்க உள்ளேதான் போகும். ஒரு நுனி நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுநுனி குடலில் இறங்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும், நூல் நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படிக் குடலே சுருங்கி நூலின்மேல் ஏறும். பிறகு இறுகிய நூல் குடலை அறுத்துவிடும்.

அதனால் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே இழுக்காதே. பின்பக்கம் நீளமாகத் தொங்கினால் கொஞ்சம் விட்டு மீதியை வெட்டிவிடலாம். வாய்ப்பக்கம் தெரிவதை வெட்டவும் வேண்டாம், டாக்டருக்கு அந்த நுனி தேவைப்படும்.

நாக்கடியைப் பார்க்க ஒரு வழி உண்டு. தலையை லேசாக அண்ணாத்தி வாயைத் திற. கீழ்த்தாடையின் இரண்டு எலும்புக்கும் நடுவில், வெளியிலிருந்து கட்டைவிரலால் மேலே அழுத்து. நாக்கு தூக்கிக்கொடுக்கும். அடியில் மெல்லிய கோடோ சிவந்த புண்ணோ தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டால் நூல் இல்லை என்று அர்த்தமில்லை. குட்டி முரண்டு பிடித்தால் விட்டுவிடு.

வீட்டில் வாந்தி எடுக்கவைக்காதே. உப்புத் தண்ணீர் ரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பு வரவைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கும். யாராவது விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள், கேட்காதே. நுரையீரலுக்குள் போனால் அது வேறு தொல்லை. வலிக்கிறதே என்று பனடால் கொடுத்துவிடாதே, பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

செய்ய வேண்டியது சுலபம். சாப்பாட்டை நிறுத்து, கிளினிக்குக்கு போன் செய், கூடையில் வைத்துக் கிளம்பு. மிச்ச நூலையும், ஊசி போயிருந்தால் அதே அளவு ஊசி ஒன்றையும் எடுத்துப் போ. எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், நூல் தெரியாது. குடல் சுருங்கியிருக்கும் விதத்தையும் ஸ்கேனையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். விழுங்கியதை நீ பார்க்காமலே இருக்கலாம். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிடாமல் மூலையில் ஒளிவது, எச்சில் வடிவது, வயிற்றைத் தொட்டால் சீறுவது, இதெல்லாம் அடையாளம். புயல் காலம் வேறு. இரண்டாம் புயல் எச்சரிக்கை இருக்கும்போதே போய்விடு. மூன்றாவது வந்தபின் ரோட்டில் போக முடியாது.

விழுங்கியது ரிமோட்டின் பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். மழமழப்பான சின்ன மணி மாதிரி என்றால், டாக்டர் காத்திருக்கச் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வெளியே வரும். மலத்தைக் குச்சியால் உடைத்துப் பார்க்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

மூச்சுத் திணறி ஈறு நீலமானால் வாயைத் திறந்து பார். கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் எடு, விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். வரவில்லையா, பூனையின் முதுகை உன் மார்போடு அணைத்து, விலா எலும்புக்குக் கீழே உள்ளும் மேலுமாக ஐந்து முறை சட்டென்று அழுத்து.

ஆபரேஷன் ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கண்காணி. தையல் கசிவது பெரும்பாலும் அப்போதுதான். காய்ச்சல், மறுபடி வாந்தி, சோர்வு என்றால் உடனே திரும்பக் கொண்டுபோ.

மாலை கட்டும் நாளில் குட்டியை வேறு அறையில் அடைத்து வை. வாடிய மாலையைத் திறந்த கூடையில் போடாதே, நூலில் பூவாசம் இருக்கும். லில்லிப் பூவை வீட்டுக்குள்ளேயே விடாதே, அதன் மகரந்தமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? எழுது.

அன்புடன்,
செல்வி