புளி போட்டுத் தேய்க்காதே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். என் முழங்கால் இப்போது பரவாயில்லை, கைத்தடி இல்லாமல் ஸ்டேஷன் வரை நடக்கிறேன்.

புது வீட்டு ஹாலில் வைக்க ஜப்பான் வெண்கல மிருகம் ஒன்று கேட்டிருந்தாய். வாங்கிவிட்டேன். ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி கியோட்டோ தோஜி கோயில் வளாகத்தில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு கிழவியின் விரிப்பில் கிடைத்த முயல் இது. உள்ளங்கையில் அடங்கும், ஆனால் தூக்கினால் கனம். காதுகளை முதுகோடு மடக்கி, முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கியிருக்கிறது. ஏதோ சத்தம் கேட்டு, ஓடலாமா நிற்கலாமா என்று யோசிக்கிற நிலை. முதுகில் மயிரை ஒவ்வொரு கோடாக உளியால் இழுத்திருக்கிறார்கள். வயிற்றுப் பக்கம் போகப் போகக் கோடு தேய்ந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. நிறம் அப்படியே நம் ஊர்க் கருப்பட்டி. காது நுனியில் மட்டும், எத்தனையோ கை பட்டுப் பட்டு, செம்பு மினுங்குகிறது.

இந்த மாதிரி அலங்காரப் பொருளை இங்கே ஓகிமோனோ என்பார்கள். வீட்டின் தோகோனோமா மாடத்தில் வைப்பதற்கென்றே செய்தவை. 1876இல் இடுப்பில் வாள் கட்டக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. வாளுக்குக் கைக்காப்பும் பிடி அணியும் செய்து வந்த கம்மியர்களுக்கு ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. அவர்களில் பலர் ஜாடி, தூபக்கால், மிருகம் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். நகத்தளவு வாளணியில் பழகிய கை அது. அந்தக் காலத்து மிருகங்களின் நகத்தையும் கண்ணையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வந்துவிடும்.

போன வருஷம் கனஸாவாவில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக சுஸுகி சோகிச்சி செய்த பன்னிரண்டு பருந்துகள் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று இறகு விரிக்கிறது, ஒன்று குனிந்து பார்க்கிறது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. அவற்றைச் செய்யச் சொல்லி சிகாகோவுக்குக் கொண்டுபோன ஹயாஷி தடமாஸா என்ற வியாபாரி தகாவோகா ஊர்க்காரர். 1611இல் ஏழு வார்ப்புக்காரர்களைக் கூட்டிவந்து குடிவைத்ததிலிருந்து உலோக வார்ப்பே அந்த ஊரின் தொழில்.

இனி முக்கியமான விஷயம். புளி போட்டுத் தேய்க்காதே மக்கா. அத்தையிடமும் சொல்லி வை, வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சொல்லி வை. நான் முதன்முதலில் வாங்கியது ஒரு காடை. கறுத்துக் கிடக்கிறதே என்று, அம்மா குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது. பறவை போய்விட்டது. சிறகின் நிழலெல்லாம் அந்தக் கறுப்பில்தான் இருந்திருக்கிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அந்த நிறம் அழுக்கே இல்லை, வேலைப்பாடு. செம்பில் கொஞ்சம் பொன் சேர்த்த ஷகுடோ என்ற உலோகத்துக்கு நிறம் ஏற்றுகிற முறையைக் கேள். துருவிய வெள்ளை முள்ளங்கியைப் பூசி, செப்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். காக்கைச் சிறகு மாதிரி நீலம் கலந்த கறுப்பு வரும். வெண்கலத்துக்கு வேறு பக்குவங்கள் உண்டு.

நம் ஊர் உப்புக்காற்றுதான் எனக்குப் பயம். கடல் பக்கத்து ஜன்னலோரம் வேண்டாம். வெளிர்பச்சையாகப் பொடி பூத்தால் உப்பு உள்ளே தின்கிறது என்று அர்த்தம். உடனே எனக்கு எழுது. மற்றபடி மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். கண்ணாடி அலமாரியில் பத்துப் பொம்மையோடு அடைக்காதே. இங்கே மாடத்தில் கொஞ்சமே வைப்பார்கள், பருவம் மாறினால் பொருளும் மாறும். பக்கவாட்டில் வெளிச்சம் விழட்டும், மயிர்க்கோடு அப்போதுதான் எழுந்து தெரியும்.

யானை கேட்டிருந்தாய். நல்ல யானைகள் வருகின்றன, ஆனால் பழையவற்றில் பலவற்றுக்கு நிஜத் தந்தமே வைத்திருப்பார்கள். அதை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. ஸெய்யா என்ற பழைய வெண்கலக் கலைஞரின் பெயர் முத்திரையைக் காட்டி விலை ஏற்றுவார்கள், அதை மட்டும் நம்பி வாங்க முடியாது. நான் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

பழசு இவ்வளவு மிஞ்சியதே பெரிது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கோயில் மணியைக்கூட உலோகத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். இறந்த எஜமானுக்காக ஸ்டேஷனில் காத்துக் கிடந்த ஹச்சிகோ நாய்க்கு டோக்கியோ ஷிபுயாவில் 1934இல் வைத்த சிலையும் அப்படித்தான் உருகிப் போனது. இப்போது இருப்பது முதல் சிற்பியின் மகன் 1948இல் செய்தது. என் முயல் அந்த வருஷங்களில் எந்தப் பெட்டிக்குள் ஒளிந்திருந்ததோ.

கைப்பையில் வைத்தே கொண்டுவருகிறேன். ஹாலில் எந்த மூலையில் வைக்கப் போகிறாய் என்று ஒரு போட்டோ அனுப்பு, ஜன்னல் எந்தப் பக்கம் என்பதும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்