படகுகளை வழியனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

போகியன்று சாயங்காலம் வில்பட்டிப் பக்கத்துக் குட்டைக்கரையில் பழைய மரப்படகுகளுக்குத் தீ வைத்தபோது வந்திருந்தவர்களில் பலர் என்னைத் தேடி வந்து, "நல்லா ஏற்பாடு பண்ணிட்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பாராட்டை நான் வைத்துக்கொள்வது நியாயமில்லை. நெருப்பு எரிந்தது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. அதற்கு முன்னால் நடந்த வேலைதான் வேலை. அதைச் செய்தவர்களில் பாதிப்பேர் அன்றைக்குக் கூட்டத்தில் முகம் காட்டவே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படித்ததும் யார் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் படகுகளைப் பற்றி. எல்லாம் ஒரு காலத்தில் கொடைக்கானல் ஏரியில் ஓடியவை. ஃபைபர் படகும் பெடல் படகும் வந்த பிறகு கழித்துப் போட்டு, கை மாறிக் கை மாறி, கடைசியில் ஒரு கேரட் தோட்டத்துக் கொட்டகையில் வந்து கிடந்தன. தோட்டக்கார அண்ணன் நினைத்திருந்தால் எப்போதோ விறகுக்குத் தள்ளியிருக்கலாம். காட்டேஜ்காரர்கள் சிலர் நல்ல விலைக்கே கேட்டார்களாம், வாசலில் வைத்துப் பூச்செடி வளர்க்க. கொடுக்கவில்லை. "துடுப்புப் போட்டவங்க இன்னும் உயிரோட இருக்காங்கல்ல, அவங்கள ஒரு வார்த்தை கேக்காம எப்படி?" என்றார். என் அப்பாவும் அந்தத் துடுப்புப் போட்டவர்களில் ஒருவர். அண்ணனுக்கு முதல் நன்றி.

அடுத்தது ஆசாரி ஐயா. 1863-இல் லெவிஞ்ச் துரை ஏரியை உண்டாக்கியபோது முதல் படகு தூத்துக்குடியிலிருந்துதான் மலையேறி வந்தது என்பார்கள். எங்கள் ஆசாரியும் அதே தூத்துக்குடிக்காரர், தோணி வேலை பார்த்த குடும்பம். கொட்டகைக்கு வந்தவர் ஒவ்வொரு படகையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஏரா என்கிற அடிமரம், வங்கு என்கிற விலாக்கட்டை, பலகை என்று ஒன்று விடாமல் உளி முனையால் குத்திப் பார்த்தார். மழைத்தண்ணீர் தேங்கிய இடமெல்லாம் உளி சோற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. "உப்புத் தண்ணில கெடக்குற படகு அவ்வளவு சீக்கிரம் உக்காதும்மா. நல்ல தண்ணிதான் மரத்தத் தின்னுரும்" என்றார். கடலே பார்க்காத படகுகளுக்கு அதுதான் வினை.

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பெயின்ட் இருக்கும் பலகை ஒன்றுகூட நெருப்புக்குள் போகக்கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். இந்தப் படகுகளில் ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் நீலத்துக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் சிவப்பு என்று அப்பிய பெயின்டெல்லாம் அதற்கு ரொம்ப முந்தியது. எரித்தால் அந்த ஈயம் புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். அதனால் பலகைகளை நனைத்து நனைத்துச் சுரண்டினார்கள்; காயவைத்துச் சுரண்டினால் தூசி மூக்குக்குள் போகும். முகக்கவசம் கட்டிக்கொண்டு, குளிரில் கை விறைக்க விறைக்க அதைச் செய்தது ஆசாரியின் மருமகனும் நாயுடுபுரத்துப் பையன்கள் நாலைந்து பேரும். சுரண்டல் தூளைச் சாக்கில் கட்டித் தனியாக வைத்தார்கள். தார் பூசிய அடிப்பலகைகளை ஆசாரி தொடவே விடவில்லை. அவை இன்னும் கொட்டகையில்தான் இருக்கின்றன.

எனவே நீங்கள் பார்த்தது முழுப் படகு எரிந்ததை அல்ல. ஆணி பிடுங்கிய வெறும் பலகைகளையும் வங்குகளையும் ஆசாரி மறுபடி படகு உருவத்தில் கோத்து நிறுத்தியிருந்தார். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, குட்டைப் பக்கம் திருப்பி வைத்ததும் அவர் யோசனைதான். எரியப்போகிற பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது நன்றி, இதற்கு ஒப்புக்கொள்ளவே ஒப்புக்கொள்ளாத பெரியவருக்கு. அப்பாவோடு படகுத்துறையில் இருந்தவர். "சோறு போட்ட படகுக்குக் கொள்ளி வைக்கச் சொல்றியா?" என்று கேட்டார். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோமே தாத்தா என்றேன். "அது சாமிக்கு. இது யாருக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. கடைசிவரை அவர் வரவில்லை. ஆனால் மறுநாளே ஆள் அனுப்பி ஒன்று சொன்னார்: எரிப்பதென்று முடிவாகிவிட்டால் அளவு எடுக்காமல் எரிக்காதீர்கள். அது யாருக்கும் தோன்றாத விஷயம். பாலிடெக்னிக்கில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் வந்து நீளம், அகலம், வங்குக்கும் வங்குக்கும் உள்ள இடைவெளி, பலகை வளையும் கோணம் எல்லாவற்றையும் அளந்து, தாளில் வரைந்து கொடுத்தார்கள். ஆணிகூட இன்ன இடத்தில் இன்ன ரகம் என்று குறித்திருக்கிறார்கள். அதோடு, தட்டினால் கணீரென்று சத்தம் கொடுத்த ஒரு படகை எரிக்காமல் நிறுத்தி வைத்ததும் பெரியவர் பேச்சுக்காகத்தான். வராதவருக்கு நன்றி மடலில் இடமா என்று கேட்காதீர்கள். வந்தவர்களில் பலரைவிட அவர் செய்தது அதிகம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்டீர்கள். எஸ்டோனியாவில் படிக்கும் என் அத்தை மகன் அனுப்பிய ஒரு வீடியோதான் தொடக்கம். அங்கே ஜூன் 23 ராத்திரி, ஜூன் 24-இல் வரும் யானிபேவ் திருநாளுக்காக ஊர் கூடிப் பெரிய நெருப்பு வளர்ப்பார்கள். சாரெமா மாதிரி மேற்குத் தீவுகளில் ஓய்ந்துபோன மீன்பிடிப் படகுகளையும் அதில் ஏற்றிவிடுவது வழக்கம். அவர்களுக்கு அது கோடையின் உச்சி, ராத்திரியிலும் வெளிச்சம் முழுசாகப் போகாது. நமக்கு ஜூன் ஒத்துவராது. பழையன கழிக்க நம்மிடம் போகி இருக்கும்போது தேதியையும் கடன் வாங்குவானேன்? தம்பிக்கு நன்றி, வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க எரியறத விட நெருப்பு சின்னதா இருக்கே" என்று குறை சொன்னதற்கு நன்றி கிடையாது.

நெருப்பைச் சின்னதாக வைக்கச் சொன்னது தீயணைப்பு நிலையத்து அண்ணன்கள். வாடைக்கால மழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும் மார்கழிக் கடைசி பரவாயில்லை, இதையே மாசி பங்குனியில் கேட்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை என்றார்கள். இருட்டுவதற்குள் கொளுத்தச் சொன்னதும் அவர்கள்தான். ராத்திரி குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும்; புகையும் மேலே போகாமல் ஊருக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். வனக்காப்பாளர் வந்து பைன் சருகைச் சுற்றிலும் கூட்டித் தீத்தடுப்புக் கோடு போட வைத்தார். சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும் என்று அவர் சொன்ன விதத்திலேயே பையன்கள் இன்னொரு முறை கூட்டினார்கள். மணலும் ஈரச்சாக்குமாக விடிய விடியக் காவல் இருந்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அன்றைக்கு உறைபனி வேறு.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சக்கரைவள்ளிக்கிழங்கைப் படகு நெருப்பில் சுடவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். என்னதான் சுரண்டினாலும் அந்த மரத்தை நம்ப முடியாது என்று, டீக்கடை அக்கா தள்ளிப்போய்த் தனியாக அடுப்பு மூட்டி, சீகை விறகில் கிழங்கு சுட்டுக் கொடுத்தார். மலைப்பூண்டுக் குழம்பும் சுடுசோறும் அவர் கைமணம். சுக்குக்காபி மட்டும் நான் போட்டது, அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டிராக்டர் கொடுத்தவர், பஞ்சாயத்தில் அனுமதிக்கு அலைந்தவர், அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்த இரண்டு பேர், பறை அடித்த தம்பிகள், எல்லோருக்கும் நன்றி. அப்பா அன்றைக்கு அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "மூணாவதா நின்னது நான் ஓட்டுனதுதான், இடது பக்கம் இழுக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இனி சில காரியங்கள். சாம்பலைத் தோட்டத்துக்குக் கேட்டவர்கள் மன்னிக்கவும். கீழே விவசாயத்துக்குப் போகும் ஓடைத் தண்ணீரில் அது கலக்கக்கூடாது என்பதால் மொத்தத்தையும் அள்ளி மூட்டை கட்டிவிட்டோம். காந்தம் போட்டுத் தேடியதில் இரும்பு ஆணிகள் இன்னும் கொஞ்சம் கிடைத்தன. செப்பு ஆணிகள் காந்தத்தில் ஒட்டாது, அவற்றை ஆசாரி முன்பே பிடுங்கி எண்ணி வைத்துவிட்டார். ஆணிகளை விற்ற பணமும் வசூலில் மிஞ்சியதும் நிறுத்தி வைத்த படகின் கலப்பத்து வேலைக்கு, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலைக்குப் போகிறது. கணக்கு டீக்கடையில் ஒட்டியிருக்கிறது. வரைபடத்தின் நகல் வேண்டுபவர்கள் அங்கேயே சொல்லி வைக்கலாம். முதல் நகல் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்விட்டது; வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தில் அளவு தப்பு என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் மறுபடி அளக்கப் போகிறார்கள். படகு ஒன்று மீதி இருப்பது நல்லதாகப் போயிற்று.

இப்படிக்கு,
துடுப்புக்காரர் மகள்,
கொடைக்கானல்