பாடகி ஸ்வர்ணலதாவுக்காக ஒரு சாயங்காலம் கேட்டு, சித்தூர் தாலுகா வாயனசாலை (நூலக) குழுக்களுக்கு

வாயனசாலை நடத்தும் பெரியவர்களுக்கும் இளைய நிர்வாகிகளுக்கும் வார்டு மெம்பர்களுக்கும் வணக்கமுங்க.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு பதியில், அதாவது சிற்றூரில், குடியிருக்கிறேன். "ஆந்திராவிலா?" என்று கேட்கும் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களிடம், பாலக்காட்டுச் சித்தூருங்க என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். உங்கள் வாயனசாலைகளில் ஒன்றில் இருபது வருடமாகப் புத்தகம் எடுத்து வருகிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்கப்பா கள் இறக்குகிறவர். 1991 மழைக்காலத்தில் தென்னையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்கப்புறம் ஏழு வருடம் கட்டில்தான். பகலில் யாராவது வருவார்கள், பேச்சு ஓடும். ராத்திரிதான் பெரும்பாடு. தூக்கம் வராது, தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. முதுகில் புண் வந்துவிடக்கூடாதென்று அம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து அவரைத் திருப்பிப் போடுவாள்.

ராத்திரிக்குத் துணையாக இருக்கட்டும் என்று மாமா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கிவந்தார். பொள்ளாச்சியில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றும் பதிந்து வந்தார். பட்டியல் எழுதிக் கொடுத்தது நான், அப்போது எனக்குப் பதினைந்து வயது. 'சத்ரியன்' படத்து 'மாலையில் யாரோ', 'சின்னத்தம்பி' படத்து 'போவோமா ஊர்கோலம்', இன்னும் எனக்குப் பிடித்த ஏழெட்டு. யார் பாடியது என்றெல்லாம் பார்த்து எழுதவில்லை. ஒரு ராத்திரி அப்பாதான் கேட்டார்: "ஏங்கண்ணு, இந்தப் புள்ள பாடறது மட்டும் பக்கத்துல உக்காந்து எனக்குன்னே பாடறாப்ல இருக்குது. ஆரு அது?" அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்ன இரண்டு பாட்டிலும் ஒரே பெயர் இருந்தது. அடுத்து வாங்கிய கேசட்டுகளில் முக்கால்வாசி அந்தப் பெயர்தான். 'கருத்தம்மா' படத்தில் 'போறாளே பொன்னுத்தாயி' பாடியதற்காக 1994-க்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தபோது, பார்க்க வந்த எல்லோரிடமும் "நம்ம புள்ளைக்கு அவார்டு குடுத்திருக்குது" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நம்ம புள்ள என்று அவர் சொன்னது பாசத்தில். அதில் இருந்த நிஜம் அவருக்குத் தெரியாது.

1998-ல் அப்பா போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அம்மா அழவில்லை. பந்தலுக்குச் சொல்ல வேண்டும், வந்தவர்களுக்குக் காப்பித் தண்ணி பார்க்க வேண்டும், மாட்டுக்குத் தீனி வைக்க வேண்டும். ஏழு வருடம் முழுத் தூக்கம் அறியாத உடம்பு வேறு. கல்நெஞ்சுக்காரி என்றுகூடச் சிலர் பேசினார்கள். அது என் காதிலும் விழுந்தது.

2010 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். பாடகி ஸ்வர்ணலதா சென்னையில் இறந்துவிட்டார், நுரையீரலில் நோய், வயது 37 என்று டிவியில் சொன்னார்கள். அம்மா கையிலிருந்த தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அழுதாள். பன்னிரண்டு வருடம் கழித்து. சாயங்காலம் பால் கறக்க எழவில்லை, நான்தான் கறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா பதறி ஓடிவந்து, "ஆருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பாட்டுப் பாடுகிற ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் மலையாளப் பத்திரிகையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. அவர் 1973 ஏப்ரல் 29-ல் பிறந்தது நம் சித்தூர்ப் பக்கத்தில். வாசித்துச் சொன்னேன். அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத்தன கிட்டத்துல பொறந்த புள்ளையா? உங்கப்பனுக்குத் தெரியாமயே போச்சே" என்றாள்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட துக்கத்தை இறக்கி வைக்க நம்மிடம் ஓர் இடம் இல்லை. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது என் மாமா மொட்டை போட்டுக்கொண்டார். அவரோடு இன்னும் நாலைந்து பேர். வீதியே சேர்ந்து அழுதது, யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. 2016 மார்ச் 6-ல் நடிகர் கலாபவன் மணி போனபோது சாலக்குடிக்கு வண்டி வண்டியாகப் போனார்கள். எஸ்.பி.பி. இறந்த 2020 செப்டம்பர் கொரோனாக் காலம். போக முடியாத ஏக்கம் இருந்தாலும், எல்லா வீட்டிலும் அதே பேச்சு இருந்தது. ஸ்வர்ணலதாவின் சாவு அப்படி இல்லை. அவர் பேட்டி அதிகம் கொடுத்தவர் அல்ல. பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர். முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. அவர் பாட்டைக் கூட்டமாக உட்கார்ந்து கேட்டவர்களும் குறைவு. ராத்திரியில், சமையல்கட்டில், வண்டியில், ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டது. அதனால் அவர் போனபோதும் ஒவ்வொருவரும் தனியாகத்தான் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் முதலமடை மாங்காய் லோடு ஓட்டியவர். கோவிந்தாபுரம் செக்போஸ்டில் லாரி வரிசையில் ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்த காலம் அது. 'அலைபாயுதே' படத்தில் ஸ்வர்ணலதா பாடிய 'எவனோ ஒருவன்' பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவாராம். 2010-க்கு அப்புறம் அந்தப் பாட்டு வந்தால் தாண்டிப் போட்டுவிடுவார். ஏனென்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. வாய் திறந்து அழத் தெரியாத ஆம்பளைகள் நம் தாலுகாவில் எத்தனை பேர் இப்படிப் பாட்டைத் தாண்டிப் போடுகிறார்களோ.

ஸ்வர்ணலதாவின் முதல் சினிமாப் பாட்டு எது தெரியுமா? 1987-ல் 'நீதிக்குத் தண்டனை' படத்தில் பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே'. கூடப் பாடியது யேசுதாஸ். இசை எம்.எஸ். விஸ்வநாதன், அவரும் நம் பாலக்காட்டு எலப்புள்ளியில் பிறந்தவர். எலப்புள்ளிக்காரர் சொல்லிக் கொடுக்க, சித்தூர்ப் பெண் பதினாலு வயதில் பாரதியைப் பாடியிருக்கிறாள். நம் பள்ளிக்கூடங்களில் தமிழ் மீடியத்தில் படிக்கிற ஒரு பிள்ளைக்காவது இது தெரியுமா? எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

போன வருடம் ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தேன். ஒருவர் எழுந்து, "சின்னப் பிள்ளையிலேயே குடும்பத்தோடு கர்நாடகாவுக்குப் போயிட்டாங்க, இந்த ஊருக்கும் அவங்களுக்கும் என்ன பந்தம்?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு நா எழவில்லை, இப்போது சொல்கிறேன். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படுகிற கவி துஞ்சத்து எழுத்தச்சன் எங்கே பிறந்தவர்? திரூர்ப் பக்கம். கடைசிக் காலத்தில் நம் சோகநாசினி ஆற்றங்கரைக்கு வந்து இருந்தார். அவர் குருமடத்தை நாம் இன்றைக்கும் போற்றுகிறோம். வந்தவரை நம்மவர் என்று வைத்துக்கொள்ள முடிந்த ஊருக்கு, இங்கே பிறந்து போனவளையும் நம்மவள் என்று சொல்ல முடியாதா? வடவன்னூரில் எம்.ஜி.ஆர். சின்ன வயதில் இருந்த வீடு அங்கன்வாடியாகக் கிடந்தது. 2019-ல் அதைச் சீர்செய்து நினைவில்லமாகத் திறந்தார்கள். அவரும் இங்கே வெகுகாலம் இருந்தவர் அல்ல.

நான் கட்டடம் கேட்கவில்லை. சிலை வேண்டவே வேண்டாம், சிலை வைத்தால் காக்காய்க்குத்தான் ஆகும். அவர் பிறந்த வீடு எது, சொந்தக்காரர் யார் என்று தேடிப்போய் போட்டோ எடுப்பதும் வேண்டாம். ஒதுங்கி வாழ்ந்தவரை அப்படியே விடுங்கள்.

நான் கேட்பது செப்டம்பர் 12-ல் ஒரு சாயங்காலம். ஏதாவது ஒரு வாயனசாலையில் ஆரம்பித்தால் போதும். ஃப்ளெக்ஸ் போர்டு இல்லாமல், பரிசுப் பாட்டுப்போட்டி இல்லாமல், எம்.எல்.ஏ.வுக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்காமல். வருகிறவர் ஒரு பாட்டின் பெயரைச் சொல்லட்டும். அதை முழுக்கப் போட்டுக் கேட்போம். ஏன் அந்தப் பாட்டு என்று சொல்ல விரும்பினால் சொல்லட்டும், இல்லாவிட்டால் பேசாமல் உட்காரட்டும். தமிழில் பேசலாம், மலையாளத்தில் பேசலாம், நாம் வீட்டில் பேசுகிற இரண்டும் கலந்த பேச்சிலும் பேசலாம். யாரையும் பாதியில் நிறுத்தக்கூடாது, அதுதான் முக்கியம். இறந்த வீட்டில் அழ நேரம் கிடைக்காமல் போன பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு பாட்டு முடியும்வரை உட்கார ஒரு நாற்காலி வேண்டும்.

மற்ற நாளுக்கு ஓர் அலமாரித் தட்டும் ஒரு கனத்த நோட்டும் போதும். அவர் பாடிய பாட்டுகளின் பட்டியல், எந்தப் படம், எந்த வருடம், இசை யார் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைக்க வேண்டும். அவர் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் பாடியிருக்கிறார், அதையும் சேர்க்கலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் இருக்கிறது, இசைத் துறையும் இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

இது புது வழக்கம் என்று தயங்காதீர்கள். கேரளத்து நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் 1995 ஜூன் 19-ல் காலமானார். அந்த நாளைத்தான் வாசிப்பு நாளாக ஒவ்வொரு வருடமும் நீங்களே நடத்துகிறீர்கள். 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் திடீரென்று இறந்தபோது, அவர் கண்களைத் தானம் செய்த சேதி கேட்டுக் கர்நாடகத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கண்தானத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக மனம் இப்படியெல்லாம் செய்யும். நாம் ஒரு சாயங்காலம்தான் செய்யப்போகிறோம்.

அப்பாவின் அந்த முதல் கேசட் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் பக்கம் ஓரிடத்தில் டேப் இழுக்கும், மற்றபடி ஓடுகிறது. டேப் ரெக்கார்டரையும் ரிப்பேர் செய்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நேரத்தை ஆறரைக்கு மேல் வையுங்கள். அம்மாவுக்கு இப்போது எழுபத்துநாலு வயது. இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கிறாள். பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் கிளம்புவாள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து உங்கள் வாசகி ஒருத்தி