மே மாதம் மலைக்கு வரும் மகளுக்கு

குன்னூர்

அன்புள்ள கயல்,

மே முதல் வாரம் சனி, ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள், ஆபீஸ் நண்பர்கள் பன்னிரண்டு பேர், மூன்று கார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். சந்தோஷமாக வாங்க. ஒரு வேளை சாப்பாடு நம் வீட்டில். ஆனால் ரூம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு, உன் நண்பர்களுக்கும் காட்டு. இங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதே. ஊர்க்காரியாக இருக்கும்போது இந்த மலையிடம் நீ கேட்பது கொஞ்சம்தான். டூரிஸ்டாக வரும்போது நான்கே நாளில் ரோடு, தண்ணீர், காடு மூன்றையும் சேர்த்துக் கேட்கிறாய். அதுவும் மற்ற எல்லோரும் கேட்கும் அதே நேரத்தில்.

முதலில் கார். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்குப்படி, சீசனில் நாளொன்றுக்கு நீலகிரிக்குள் நுழைவது சுமார் 20,000 வண்டி. கார் மட்டுமே 11,500. அதைப் பார்த்துத்தான் அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அதாவது ஆன்லைனில் பதிந்து வாங்கும் அனுமதிச் சீட்டு, கட்டாயமானது. 2025 சீசனுக்கு நீதிமன்றம் ஒரு உச்சவரம்பும் வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. பாஸுக்குக் கட்டணம் இல்லை. வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் இவற்றைப் பதிந்தால் போதும். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி பாஸ். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. பாஸ் எடுக்காமல் கிளம்பி, மலையடிவாரக் கல்லாறு செக்போஸ்ட்டில் நின்று போனில் பதிந்துகொள்ளலாம் என்று நினைப்பவர்களால்தான் அங்கே வரிசை நீள்கிறது.

நான் சொல்வது, மூன்று காரையும் சென்னையிலேயே விட்டுவிடுங்கள். அந்த மூன்று கார் அடைக்கும் இடத்தில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் போய்விடும். இங்கிருந்து மேல்சிகிச்சைக்குக் கோவைக்கு அனுப்பப்படும் நோயாளியின் ஆம்புலன்ஸும் இதே ரோட்டில்தான் இறங்க வேண்டும். இதற்கு இணையாக இன்னொரு அகல ரோடு இந்த மலையில் போட இடமே கிடையாது. ராத்திரி சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். அங்கே மலை ரயில் காத்திருக்கும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், சீசனில் நிமிடங்களில் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே, மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து குன்னூர், ஊட்டி பஸ் வந்துகொண்டே இருக்கும். மேலே சுற்றிப் பார்க்க உள்ளூர் வேன் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீசனில் ஊட்டியில் சுற்றுலா இடங்களுக்கு அரசே சுற்றுப் பேருந்தும் விடுகிறது. உள்ளூர் டிரைவருக்குக் கொடுக்கும் வாடகை இந்த ஊர் மளிகைக் கடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும்தான் போகும். அது முக்கியம்.

இல்லை, காரில்தான் வருவோம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்லு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்க வேண்டும், சுமார் ஐம்பது கிலோமீட்டரில். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் டாப் கியரில் போட்டுவிட்டு பிரேக்கிலேயே கால் வைத்து இறங்குவார்கள். தொடர்ந்து அழுத்தினால் டிஸ்க்கும் பேடும் காய்ந்து, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. இரண்டு மூன்று வருடமாக மாற்றாத ஆயிலில் அந்த ஈரம் சேர்ந்திருப்பதால் சீக்கிரமே கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். அப்புறம் பெடல் மெத்தென்று அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. அதற்கு முன்னால் கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை வரும். அது வந்த உடனே அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிப்போகும்.

எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் இங்கே டிரைவர்கள் சொல்வது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாவது, தேவைப்பட்டால் முதல் கியர். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்ற வேண்டும். பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதிக்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழி விடு. கொண்டை ஊசியில் பஸ் அகலமாக வெளியே வந்துதான் திரும்பும். வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிட்டால் அவனும் திரும்ப முடியாது, நீயும் பின்னால் போக முடியாது, பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிடும். சீசன் நெரிசலில் பாதி இப்படி ஆரம்பிப்பதுதான். மேலும், கூட்ட நாட்களில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். மேப் காட்டுவதை விட்டுவிட்டு போலீஸ் காட்டும் வழியில் போக வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் வெளியூர் வண்டி இறங்க அனுமதி இல்லை. 36 கொண்டை ஊசி, செங்குத்து இறக்கம். 2018இல் அங்கே பள்ளத்தில் விழுந்த காரை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இனி தண்ணீர். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைத்தேன், ஏனென்றால் வருகிறவர்கள் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை. மலை பச்சையாக இருக்கிறது, மேகம் தவழ்கிறது, தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். தென்மேற்குப் பருவமழை ஜூனில்தான் பிடிக்கும். ஊட்டிக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ் வேலி அணையும், குன்னூருக்குத் தரும் ரேலியா அணையும் ஆண்டிலேயே மிகவும் கீழிறங்கி நிற்கும் காலம் ஏப்ரல், மே. கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே ஏப்ரல், மே. விடுதிகளுக்கு லாரித் தண்ணீர் வாங்கக் காசு இருக்கிறது. மேட்டுத் தெருவில் குடியிருப்பவர்கள் குழாய் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருக்கிறார்கள். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் எண்பது லிட்டர் போகும். பக்கெட்டில் குளித்தால் இருபது. பன்னிரண்டு பேர், நான்கு நாள், நீயே பெருக்கிப் பார்.

தண்ணீர் வந்த வழியைக் கேட்டால், போகும் வழியையும் கேட்க வேண்டும். ரூம் போடும்போது இரண்டு கேள்வி கேள்: லைசென்ஸ் இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது. வீடாகக் கட்டியதை ஹோம்ஸ்டே ஆக்கும்போது நான்கு பேருக்கு என்று வெட்டிய செப்டிக் டேங்கில் இருபது பேரின் கழிவு இறங்கும். கசடு படிய நேரமில்லாமல் கலங்கிய நீர் அப்படியே வெளியேறும். சரிவில் அது மண்ணுக்குள் ஊறி நிற்காது, கீழே இருக்கும் ஓடைக்குத்தான் போகும். ஊட்டி ஏரியைப் பாரேன். 1820களில் ஜான் சலிவன் ஓடைகளைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது. நகரத்துச் சாக்கடை கலக்கும் கோடப்பமந்து கால்வாய் இன்று அதில்தான் போய்ச் சேருகிறது. அதன் மேல்தான் டிக்கெட் வாங்கிப் படகு ஓட்டுகிறோம்.

'வியூ' உள்ள ரூம் வேண்டும் என்று உன் தோழி கேட்டாளாம். அந்த வியூவுக்காகத்தான் சரிவை நெட்டாக வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் கட்டும் தடுப்புச் சுவரில் தண்ணீர் கசிய ஓட்டை விடாவிட்டால், மழைக்காலத்தில் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் சுவரையே தள்ளிவிடும். இங்கே கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது என்ற விதி 1993லிருந்து இருக்கிறது. ஆனால் சரிவை வெட்டுவதை அந்த விதி மட்டும் தடுத்துவிடாது. 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்சரிவில் போனார்கள். பழைய தெருவில் உள்ள சாதாரண லாட்ஜே போதும்.

குப்பையைப் பற்றிச் சுருக்கமாக. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இங்கே தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாங்க, ஊருக்குள் தண்ணீர் ஏ.டி.எம். இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட், வெட் டிஷ்யூ, டயப்பர் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி மேட்டுப்பாளையத்துக்கே திருப்பிக் கொண்டு போங்க. உப்பு ஒட்டிய பாக்கெட்டைக் குரங்கும் மானும் கவரோடு தின்கின்றன. யானை லத்தியில் பிளாஸ்டிக் கிடப்பதை வனத்துறையினர் பார்க்கிறார்கள். குடிக்கிறவர்கள் இருந்தால், காலி மது பாட்டிலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து, வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய பத்து ரூபாயை வாங்கிக்கொள்ளச் சொல்லு. தேயிலைத் தோட்டத்தில் உடைந்த கண்ணாடி இலை பறிக்கும் பெண்கள் காலிலும் காட்டுமாட்டின் குளம்பிலும் ஏறுகிறது. உயர் நீதிமன்றம் சொல்லி 2022இல் இந்தத் திட்டத்தை நீலகிரியில் தொடங்கியது அதனால்தான்.

பர்லியார், கல்லாறு பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கு வரும். தூரத்திலேயே நிறுத்தி, ஹார்ன் அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, இறங்காமல் இருக்கணும். அது தானாகப் போய்விடும். காட்டுமாடு சாதுவாக மேய்வதைப் பார்த்து செல்ஃபிக்குப் போகக் கூடாது. அது தப்பிக்கும் பக்கத்தில் நாம் நின்றால் முட்டும்.

மசினகுடியில் ராத்திரி ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே கூடாது, கண்ணு. அது வனச் சட்டப்படி குற்றம். கேட்கிறவர்கள் இருப்பதால்தான் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சீகூர் பீடபூமி கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் நடந்துபோகும் இடைவழி. அங்கே முளைத்த ரிசார்ட்டுகளும் வேலிகளும் அந்த வழியை அடைத்தன. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் அதே பகுதியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மேல் எரியும் துணியை வீசினார்கள். காதில் தீ ஒட்டிக்கொண்டு அது ஓடியது, பிறகு செத்தது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. காட்டைப் பார்க்க ஆசை என்றால், முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி பகலில் போகும். யானை தென்படாவிட்டாலும் பரவாயில்லை.

தோடர் பழங்குடியினரின் மந்துக்குப் போவதென்றால் முதலில் அனுமதி கேட்டுப் போங்க. அது அவர்கள் குடியிருக்கும் இடம். கோவிலுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, பெரியவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது. பூத்குளி என்ற அவர்கள் சால்வையின் பூவேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்கு எத்தனை நாள் இழை எண்ணித் தைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், விலை பேசக் கூச்சமாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பா வர வேண்டாம் என்கிறாரோ என்று நினைக்காதே. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காமல் தோட்டத்தை விற்கும் சிறு விவசாயிகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளில் பலர் வேன் ஓட்டியும் விடுதியில் வேலை பார்த்தும்தான் குடும்பத்தை நடத்துகிறார்கள். நீங்கள் வந்தால்தான் அவர்களுக்குச் சம்பளம். ஆனால் மே மாதம் இரண்டே நாளில் ஆறு இடம் பார்த்து ஓடுகிறவர்களால் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம், ரோடும் தண்ணீரும் படும் பாடு அதிகம். செவ்வாயில் ஏறி வெள்ளியில் இறங்கினால், குன்னூர், கோத்தகிரி என்று ஒரே பக்கம் தங்கி நடந்து பார்த்தால், அதே செலவில் பாதிப்புக் குறைவு, உங்களுக்கும் நிம்மதி. செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசனுக்குத் தள்ளிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது மழை பெய்து அணை நிறைந்திருக்கும். லீவு கிடைக்குமா என்று பார்.

எத்தனை பேர், எந்த நாள், ரயிலா பஸ்ஸா என்று முடிவானதும் போன் பண்ணு. உள்ளூர் வேன் நான் சொல்லி வைக்கிறேன். ஸ்வெட்டர் எடுத்து வா, ராத்திரியில் குளிரும். பன்னிரண்டு பேருக்கும் சாப்பாடு எந்த நாள் என்பதை அம்மாவுக்கு இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடு.

அன்புடன்
அப்பா