கொழும்புலேருந்து தம்பிக்கு, பாத்த படங்களைப் பத்தி

அன்புள்ள தம்பி,

கொழும்பு எப்படி இருக்கு, அங்க நம்ம படமெல்லாம் வருதான்னு கேட்டிருந்த. வீடு வெள்ளவத்தைல, காலி வீதிலேருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கைக்குள்ள, கோடில ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினா கடல்தான். சாப்பாடு பழகிருச்சு, இடியப்பத்துக்கு இப்ப சொதிதான் கேக்குதுன்னு அம்மாட்ட சொல்லு. ஆபீஸ்ல இங்கிலீஷ், பஸ்ல கொஞ்சம் சிங்களம், வீட்டுக்கு வந்தா ஹவுஸ் ஓனர் அன்ரியோட யாழ்ப்பாணத் தமிழ், இப்படித்தான் நாள் போகுது.

பெரிய ஹீரோ படம்னா உனக்கு என்னைக்கோ அன்னைக்கே எனக்கும், சவோய் தியேட்டர் நடந்து போற தூரம்தான். கூலி அங்க பாத்தேன். நீ போன்ல அவ்ளோ குதிச்ச, எனக்குப் பிடிக்கலடா. ரஜினியைக் குறை சொல்லல, அவர் வந்து நின்னா கண்ணு வேற எங்கயும் போகாது. ஆனா கதை விசாகப்பட்டினம் துறைமுகத்துல நடக்குது, மூட்டை தூக்குறவனை வச்சு படத்துக்கே பேரு, அவன் எத்தனை மணிக்கு வேலைக்கு வர்றான், கையில என்ன கிடைக்குது, தோள் காய்ச்சுப் போயிருக்கா, எதுவும் மனசுல நிக்கல, ஃபிளாஷ்பேக்ல கொஞ்சம் காட்டிட்டு அடுத்த ஃபைட்டுக்கு ஓடிடுறாங்க. நாகார்ஜுனா, உபேந்திரா, ஆமிர் கான்னு ஆளுக்கு ஒரு என்ட்ரி, விசில், அவ்வளவுதான். கூட வந்த அன்ரியோட அண்ணன் கொழும்பு ஹார்பர்ல பல வருஷம் வேலை பாத்தவர், இன்டர்வெல்ல என்னைப் பாத்து "ஹார்பர் வேலை இப்பிடியே பிள்ளை நடக்கிறது?"ன்னு கேட்டார், எனக்குப் பதில் சொல்ல வரல.

கூலி எடுத்த இதே லோகேஷ் கனகராஜ்தான 2019ல கைதி எடுத்தாரு. ஒரே ராத்திரி, பாட்டு இல்ல, ஹீரோயின் இல்ல, ஜெயில்லேருந்து வந்தவன் அதுவரைக்கும் பாக்காத மகளைப் பாக்கணும், அதுதான் கதை. அந்த பிரியாணியை கார்த்தி அள்ளி அள்ளித் தின்னப்போ அந்த டில்லிங்கிற கேரக்டர் எத்தனை வருஷப் பசியோட இருக்கான்னு வசனமே இல்லாம புரிஞ்சுச்சு. விக்ரம்ல அந்தக் கதையையும் கோர்த்தாங்க, அது வரைக்கும் சரி. லியோ முடிஞ்சு வெளிய வந்த கூட்டம் கடைசில வந்த போன்கால் யாருதுன்னு தான் பேசிட்டுப் போச்சு, விஜய் நடிச்ச பார்த்திபனும் அவன் பொண்டாட்டியும் இனிமே எப்படி ஒரே வீட்ல வாழுவாங்கன்னு ஒருத்தரும் பேசல. எல்லாப் படத்தையும் ஒரே உலகமாக் கோர்க்கிறோம், யுனிவர்ஸ் யுனிவர்ஸ்னு சொல்லி படத்துல இருந்த மனுசனைத் தொலைக்கறாங்கடா, என் கோவம் அதுதான்.

சின்ன படம்னாலே நல்ல படம்னும் சொல்ல மாட்டேன். டூரிஸ்ட் ஃபேமிலி பாத்து அன்ரி அழுதாங்க, நானும்தான், சின்னப் பையன் கமலேஷ் பிரமாதம். ஆனா இலங்கைலேருந்து படகுல வந்து ராமேஸ்வரம் கரையில மாட்டுன குடும்பத்தை போலீஸ்காரர் மனசு இரங்கி விட்டுடுறாரு, தெருவே சொந்தமாயிடுது. நிஜத்துல இங்கேருந்து படகுல வந்தவங்களை மண்டபம் முகாம்ல வச்சாங்க, எத்தனையோ குடும்பம் நம்ம ஊரு முகாம்கள்லயே பேரன் பேத்தி எடுத்திருச்சு, அதைப் படம் தொடவே இல்ல. அன்ரியோட சித்தி குடும்பமே அப்படிப் போனதுதான்.

கொட்டுக்காளி இங்க தியேட்டர்ல என் கண்ணுல படல, பிறகு லேப்டாப்புல அன்ரியோட உக்காந்து பாத்தேன். பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தம், காத்து, அந்தச் சேவல், நம்ம மதுரைப் பக்கத்துப் பேச்சு, எனக்கு ஊருக்கே வந்த மாதிரி இருந்துச்சு. பேய் பிடிச்சிருக்குன்னு வீட்டுக்காரங்க சாமியாடிக்கிட்ட கூட்டிட்டுப் போற பொண்ணு வாயைத் திறக்காமலே வர்றா, அன்ரி பாதியிலயே "இவளுக்குப் பேய் இல்லை, இவையளுக்குத்தான்"ன்னுட்டாங்க. சாமியாடிக்கிட்ட கூட்டிட்டுப் போறதெல்லாம் அவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான், டைரக்டர் வினோத்ராஜ் எதையும் விளக்காமலே அது இங்க வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

அன்ரி சொல்லித்தான் பொன்மணி பத்தித் தெரியும். 1977ல தர்மசேன பத்திராஜ எடுத்த தமிழ்ப் படம், அவர் சிங்களவர், எழுதினது காவலூர் இராசதுரை. சீதனம், சாதி, யாழ்ப்பாணத்து வீடு, தெரு, எல்லாம் அப்படியே இருக்கு. அன்னைக்கு ஓடல. நம்ம படம் இத்தனை வந்து குவியிற ஊர்ல இவங்க சொந்தப் படம் எங்க நிக்கும்னு எனக்கு இப்பதான் உறைக்குது, நாம ஒருநாளாவது இவங்க படம் ஒண்ணு தேடிப் பாத்திருக்கமா?

தீபாவளிக்கு வரேன், லீவு சொல்லிட்டேன். அதுக்குள்ள நீ கொட்டுக்காளியை போனை ஓரமா வச்சுட்டு முழுசாப் பாரு, கடைசியில அவளைக் கட்டிக்கப்போற பாண்டி என்ன முடிவு எடுத்திருப்பான்னு எனக்கு எழுது. அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுறாரான்னு பாத்துக்க.

அன்புடன்
அக்கா