ஸ்பீக்கர் பெட்டிக்குத் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு வீடு கழுவித் துடைக்கும் காலம் வந்துவிட்டது, மழையும் பின்னாலேயே வருகிறது. வருடா வருடம் இந்த நாட்கள் கழிந்ததும் எங்கள் பட்டறைக்குப் பழைய ஸ்பீக்கர் பெட்டிகள் வரத் தொடங்கும். ஒன்றின் மூலை ஊதியிருக்கும், ஒன்றின் மேல்தோல் கிளம்பியிருக்கும், இன்னொன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து அப்பியிருக்கும். பெட்டியைத் துடைக்கத் துணி எடுக்கும் முன்பே இது வாசகர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்த பயனியர், சன்சுயி பெட்டிகளும், சில வீடுகளில் வார்ஃபிடேல் பெட்டிகளும் எங்கள் பக்கம் இன்னும் நன்றாகப் பாடுகின்றன. அவை முழுமரம் என்றே பலர் நம்புகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிப்போட் (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அல்லது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). அதன்மேல் வால்நட், தேக்கு போன்ற மரத்தில் சீவியெடுத்த தோலை ஒட்டியிருப்பார்கள். அதுதான் வெனியர். இன்றைய வெனியரின் தடிப்பு பொதுவாக 0.6 மில்லிமீற்றர் அளவுதான். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். முழுமரம் காலநிலைக்கேற்ப விரியும், சுருங்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கு அசையாத பலகைதான் வேண்டும். ஆனால் அந்தச் சிப்போட்டுக்குத் தண்ணீர்தான் எமன். தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி ஊதிவிடும், பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

முதலில் உங்கள் பெட்டி எந்த வகை என்று பாருங்கள். ஒரே முடிச்சும் ஒரே ரேகையும் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சடித்த பிளாஸ்டிக் தாள். அதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம், துடைத்தாலே போதும். உண்மையான மரம் என்றால், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். துளி முத்தாக நின்றால் மேலே லாக்கர் அல்லது வார்னிஷ் இருக்கிறது. மெல்ல ஊறி அந்த இடம் கறுத்தால் அது எண்ணெய் பூசிய மரம். பார்த்தவுடன் துளியை ஒற்றி எடுத்துவிடுங்கள்.

லாக்கர் பூசியதற்கு எண்ணெய் உள்ளே போகாது, ஆகவே பூசிப் பயனில்லை. காய்ந்த பருத்தித் துணியால் மர ரேகை ஓடும் பக்கமாகத் துடையுங்கள். கல்லடி, காரைதீவு போலக் கடலோர ஊர்களில் உப்புக்காற்று படிந்து பிசுபிசுக்கும். அங்கே மட்டும், ஒரு சொட்டு மென்மையான சவர்க்காரம் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து, கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு இறுகப் பிழிந்து துடைத்துவிட்டு, உடனே காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். எதையும் பெட்டியின் மேல் நேரே தெளிக்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் கிட்டவும் வேண்டாம்.

எண்ணெய் பூசிய மரத்துக்குத்தான் எண்ணெய். ஆனால் எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் காயாது. மேலேயே நின்று தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் எண்ணெய், காற்றுப்பட்டு இறுகும். ‘பொயில்ட்’ என்று எழுதிய டின்னை வாங்கி, துணியில் கொஞ்சமாகத் தொட்டுப் பூசி, கால் மணித்தியாலம் விட்டு மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். பூசும்போது கோனை, அதாவது ஒலி எழுப்ப அதிரும் கூம்பை, சுற்றியுள்ள ஃபோம் வளையத்தில் எண்ணெய் படவே கூடாது. சிலிக்கோன் கலந்த பளபளப்புத் தெளிப்பானையும் தொடாதீர்கள். அது இறங்கிய மரத்தில் பிறகு எங்களால் ஒழுங்காக லாக்கர் பூச முடியாது, குழிகுழியாக விலகி நிற்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் மரத்தை மினுக்க இரும்புக் கம்பிப் பஞ்சு பாவிப்போம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் அதை எடுக்கவே வேண்டாம். உதிரும் இரும்புத் தூளை ஸ்பீக்கரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். அது உள்ளே கம்பிச் சுருள் அசையும் இடைவெளிக்குள் போனால் பாட்டோடு கரகரப்பும் வரும்.

“ஓடாவியார், மெஷினால ஒரு பிடி பிடிச்சு விடுங்கோ” என்று கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுகிறேன். அரைமில்லிமீற்றர் தோலில் மெஷின் வைத்தால் கண் இமைக்கும் முன் சிப்போட் தெரியும். அண்மையில் வந்த ஒரு சோடி வால்நட் பெட்டி அப்படித்தான் வேறோர் இடத்தில் பாழாக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது, அது அவருடைய கணவர் வாங்கி வைத்தது. விளிம்பு கிளம்பியிருந்தால் உரிக்காதீர்கள். அடியில் வெள்ளை மரப்பசையை மெல்லியதாகச் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்து, தட்டைப் பலகையால் ஓர் இரவு இறுக்கி வைத்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும்.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் வரண்டு சுருங்குகிறது, மாரியில் ஈரம் குடித்து விரிகிறது. விளிம்புகள் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் ஒரு கட்டையாவது கொடுங்கள். மழை ஊறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, யன்னல் வெயில் விழாத இடமாகப் பாருங்கள். வெயிலில் வால்நட் நிறம் வெளுத்துவிடும். பூச்சாடியோ குத்துவிளக்கோ மேலே வேண்டாம்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு படிக்கும் பிள்ளைகளுக்கு வெனியர் ஒட்டவும் திருத்தவும் காட்டிக்கொடுத்தால் மிகவும் நல்லது. கதவு, நிலை செய்யத் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். இந்த வேலைக்குத்தான் ஆட்கள் குறைவு.

கடைசியாக, லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, பிறகு வீசுங்கள்.

இப்படிக்கு,
தளபாட ஓடாவி ஒருவர்,
களுவாஞ்சிகுடி.