கருந்துளை உறிஞ்சுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில், விண்மீன் திரள்களின் நடுவே இருக்கும் பெருநிறைக் கருந்துளைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எல்லாத் திசைகளிலிருந்தும் நேர் அம்புக்குறிகள் ஒரு கறுப்பு வட்டத்துக்குள் பாய்வதாகப் படம் போட்டு, பக்கத்தில் வருவதையெல்லாம் உறிஞ்சி விழுங்கும் அரக்கன் என்று அடியில் எழுதியிருந்தீர்கள். இப்படியொரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் பல ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில், அந்தப் படமும் 'உறிஞ்சும்' என்ற சொல்லும் தவறு என்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அதை நம்பிவிட்டாள். அவளிடம், எழுதித் தீர்ந்த பேனாவின் குழாயில் ஒரு கயிற்றைக் கோத்து, முற்றத்தில் உதிர்ந்து கிடந்த குரும்பையை ஒரு முனையில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றச் சொன்னேன். மறுமுனையைக் கீழே இழுக்க இழுக்கக் குரும்பை கைக்கு நெருங்கியது. வேகமும் ஏறிக்கொண்டே போனது. "பிடிக்க முடியல பாட்டா" என்று அவள் விட்டுவிட, அது பறந்துபோய்க் கிணற்றுச் சுவரில் மோதியது. கருந்துளையை நெருங்கும் வாயுவின் நிலையும் இதுதான். அது எங்கிருந்தோ சிறிதளவு சுழற்சியோடுதான் வருகிறது. நெருங்க நெருங்க அந்தச் சுழற்சி வேகமெடுப்பதால், நேராக விழ வழியில்லாமல் வட்டமிடத் தொடங்கி, ஒரு தட்டையான வட்டாகப் பரவுகிறது. நமது பால்வழித் திரளின் மையக் கருந்துளை சூரியனைப்போல் 40 லட்சம் மடங்குக்கும் மேல் நிறை கொண்டது. அதை எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018 மே மாதம் விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மிக அருகில் வளைந்து, தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. உறிஞ்சுவது உண்மையானால் அது என்றோ காணாமல் போயிருக்கும்.

அப்படியானால் வாயு உள்ளே போவதே இல்லையா என்றால், போகிறது. தன் சுழற்சியின் அளவை, அதாவது கோண உந்தத்தை, யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போகிறது. வட்டின் உட்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதால், இரண்டும் உரசி, உள்ளே இருப்பது சுழற்சியை இழந்து இறங்க வேண்டும், வெளியே இருப்பது அதைப் பெற்று விலக வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இவ்வளவு அடர்த்தி குறைந்த வாயுவில் சாதாரணப் பாகுநிலை, அதாவது அடுக்குகளுக்கிடையே உள்ள உராய்வு, எதற்கும் போதாது. 1973இல் ஷாகுரா, சுன்யாயெவ் என்ற வானியற்பியலாளர்கள், காரணம் எதுவாயினும் இருக்கட்டும் என்று அதை ஆல்ஃபா என்ற ஓர் எண்ணில் அடக்கிவிட்டு, வட்டின் மற்றக் கணக்குகளைப் போட்டார்கள். காரணம் காந்தப்புலம் என்று பால்பஸ், ஹாலி என்ற வானியற்பியலாளர்கள் 1991இல் காட்டினார்கள். அருகருகே சுற்றும் இரண்டு வாயுக் கூறுகளைக் காந்தக் கோடு ரப்பர் நூலைப்போல் இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது முந்துகிறது, வெளியே இருப்பது பிந்துகிறது, நூல் நீள்கிறது. நீண்ட நூல் முந்தியதைப் பின்னுக்கு இழுக்க, அது சுழற்சியை இழந்து இன்னும் உள்ளே இறங்குகிறது. பிந்தியது அதைப் பெற்று இன்னும் வெளியே போகிறது. நூல் மேலும் நீள்கிறது. இப்படிக் கட்டுக்கடங்காமல் வளர்ந்து வட்டு முழுவதும் கலங்கிப் போகிறது.

இதில் நம்மவர் பங்கு ஒன்று இருப்பதைத் தங்கள் கட்டுரை விட்டுவிட்டது எனக்குச் சற்று வருத்தமே. இந்த நிலைகுலைவை, வட்டுகளை மனத்தில் வைத்து அல்ல, சுழலும் உருளைகளுக்கிடையே உள்ள திரவத்துக்காக, 1959இல் ரஷ்யாவில் வெலிகோவும் 1960இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் தனித்தனியே எழுதியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அது வானியலாரின் கண்ணில் படாமல் கிடந்தது.

இறங்கும் வாயு இழக்கும் ஆற்றல்தான் வெப்பமாகவும் ஒளியாகவும் வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் அணுக்கரு இணைவில் நிறையின் 0.7 விழுக்காடே ஆற்றலாகிறது. கருந்துளையைச் சுற்றி இறங்கும்போது, கருந்துளை சுழலாவிட்டாலும் ஏறத்தாழ 6 விழுக்காடு, மிக வேகமாகச் சுழன்றால் 42 விழுக்காடு வரை ஆற்றலாக வெளிவர முடியும். சில திரள்களில் விண்மீன்கள் அனைத்தையும் விட நடுப்புள்ளி பிரகாசிப்பது இதனால்தான்.

2019 ஏப்ரலில் வெளியான, எம்87 என்ற திரளின் மையக் கருந்துளைப் படத்தையும் தாங்கள் வெளியிட்டிருந்தீர்கள். அது 'நெருப்பு வளையம்' அல்ல; 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகளுக்குக் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பூசிய நிறம் அது. வளையத்தின் தென்பகுதி மட்டும் தடித்து ஒளிர்வதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்: ஒளியின் வேகத்தை நெருங்கிச் சுற்றும் வாயு அந்தப் பக்கத்தில் நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி கூடித் தெரிகிறது.

நமது திரளின் கருந்துளையோ பெரும்பாலும் பட்டினிதான். அருகிலுள்ள பெரிய விண்மீன்களின் காற்றிலிருந்து வாயு வந்தாலும், அதன் பிடிக்குள் சிக்குவதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே உள்ளே போய்ச் சேருகிறது, மீதி வெளியே தள்ளப்படுகிறது என்று 2013இல் கண்டறிந்தார்கள். கண்டது சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. அதே சந்திரசேகரின் பெயர் தாங்கியது. 2014இல் ஜி2 என்ற மேகம் நமது திரளின் கருந்துளையருகே சென்றபோது பெரும் வாணவேடிக்கையை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

சித்திரை மாதத்தில், வள்ளங்கள் கடலுக்குப் புறப்படும் அதிகாலை நான்கு மணிக்கு, குமரிக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் பாதி வானத்துக்குச் சற்று மேலே அந்த இடம் நிற்கும். நம் முன்னோர் மூலம் என்று பெயரிட்ட விண்மீன்களுக்குப் பக்கத்தில்தான், 26,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் அது இருக்கிறது. இடையில் உள்ள தூசியால் கண்ணுக்குத் தெரியாது. ஆனி, ஆடியில் இரவு முன்னேரத்திலேயே பார்க்கலாம் என்றால் இங்கே சாரல் விடாது.

தங்கள் படத்தைப் பேத்தியின் வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். திருத்தம் வெளியிடுவதானால், வளைந்த அம்புகளோடும், வெளியே தள்ளப்படும் வாயுவுக்குரிய அம்புகளோடும், அதே அளவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் மேலேயே ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.